பார்வோனை விடுங்கள், பார்லியைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட வரலாற்று நாவல்கள் படிக்க ஆசை. எதில் ஆரம்பிப்பது? அவற்றில் வருவதை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒன்றிரண்டைப் புரட்டிப் பார்த்தேன், பெயர்களே தலையைச் சுற்ற வைக்கின்றன."

முதலில் பெயர்த் தலைவலியைத் தீர்த்துவிடுவோம். பழைய எகிப்தியர்கள் மெய்யொலிகளை மட்டும்தான் எழுதினார்கள். நடுவில் என்ன உயிரொலி வந்தது என்பது பெரும்பாலும் பிற்கால அறிஞர்களின் ஊகம். இது போதாதென்று கிரேக்கர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி அழைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவும் கியோப்ஸும் ஒரே ஆள். அமென்ஹோதெப்பும் அமெனோஃபிஸும் ஒரே பெயர். எழுத்தாளருக்கு எழுத்தாளர் இது மாறும். நான் பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் யார் யாருக்கு என்ன உறவு என்று குறித்துக்கொள்வேன். ஐம்பது பக்கம் தாண்டிவிட்டால் அப்புறம் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்காது.

'பார்வோன்' என்ற சொல் தமிழ் விவிலியம் வழியாக நமக்கு வந்தது. அதன் மூலம் 'பெர்-ஆ', அதாவது 'பெரிய வீடு'. முதலில் அது அரண்மனையைத்தான் குறித்தது. "கோட்டையில் முடிவாகிவிட்டது" என்றால் அரசாங்கம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி. ராஜாவையே அப்படிச் சொல்லத் தொடங்கியது புதிய அரசுக் காலத்தில்தான், ஏறத்தாழ கி.மு. 1400-களை ஒட்டி. கூஃபுவின் அவையில் ஒருவன் "பார்வோனே!" என்று காலில் விழுந்தால் அது காலப்பிழைதான். அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போடவேண்டாம்.

ஆனால் எந்தக் காலத்து எகிப்து என்பதை மட்டும் முதல் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். கூஃபுவின் பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில் கட்டப்பட்டது. கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30-இல். இரண்டுக்கும் நடுவே 2,500 ஆண்டுகள். கிளியோபாட்ராவுக்கும் நமக்கும் இடையே இருக்கும் தூரம் அதைவிடக் குறைவு. கூஃபு காலத்துக் கதையில் குதிரை பூட்டிய தேர் ஓடினால் அது தப்பு. குதிரையும் தேரும் எகிப்துக்குள் வந்தது ஆயிரம் வருடம் கழித்து, ஹிக்சோஸ் என்ற அந்நியர் ஆண்ட காலத்தில். ஒட்டக வரிசை வந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். சத்திரத்தில் யாராவது காசைச் சுண்டிப் போட்டால் புன்னகைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சில நூற்றாண்டுகள் வரை அங்கே நாணயம் கிடையாது. தானியமும், 'தெபென்' என்ற செம்பு எடையும்தான் கணக்கு.

சரி, எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு வருவோம். என் பதில் கொஞ்சம் தலைகீழாகத் தெரியலாம். ராஜா கதையைக் குறைத்து நம்புங்கள், வீட்டுக் கதையைக் கூட்டி நம்புங்கள்.

ராஜாக்களைப் பற்றித்தான் கல்வெட்டு இருக்கிறது, சாமானியனைப் பற்றி எழுதினால் கற்பனைதான் என்று பொதுவாக நினைக்கிறோம். எகிப்தில் கோயில் சுவரில் இருப்பது விளம்பரம். கி.மு. 1274 வாக்கில் காதேஷில் இரண்டாம் ராம்சேஸ் வடக்கே இருந்த ஹிட்டைட்டு அரசோடு மோதினார். யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. பிறகு சமாதான ஒப்பந்தம்தான் போட்டார்கள். ஆனால் கோயில் கோயிலாக எழுதி வைத்திருப்பது என்ன? படை ஓடிவிட்டது, ராஜா தனியாளாக நின்று எதிரியை நொறுக்கினார். இதை அப்படியே நம்பி எழுதிய நாவல் சுவர் விளம்பரத்துக்கு வசனம் எழுதிய நாவல்தான். பெண்ணாக அரியணை ஏறிய ஹட்செப்சுத் விஷயத்திலும் இதே கதை. சித்திக்கும் மூன்றாம் துத்மோஸுக்கும் ஜென்மப் பகை, அவள் செத்த மறுநாளே அவள் பெயரைச் செதுக்கி எறிந்தான் என்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அந்த அழிப்பு நடந்தது அவள் இறந்து இருபது வருடம் போல ஆன பிறகு. கோபக்காரன் இருபது வருடம் காத்திருப்பானா?

இப்போது மறுபக்கம் பாருங்கள். இன்றைய லக்சருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையில் தெய்ர் எல்-மதீனா என்ற இடம் இருக்கிறது. அரசர் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த தொழிலாளர்களும் சித்திரக்காரர்களும் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். அவர்கள் தூக்கிப் போட்ட சுண்ணாம்புக்கல் சில்லுகளும் பானையோடுகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அத்தனையிலும் எழுத்து. கடன், கணக்கு, சண்டை, காதல் பாட்டு, சலவைத் துணிப் பட்டியல் எல்லாம் இருக்கிறது.

பிரிட்டிஷ் மியூசியத்தில் அதில் ஒரு பெரிய கல் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவேடு அது. யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று பெயர் வாரியாகக் குறித்திருக்கிறார்கள். ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவனுக்குக் கண்வலி. ஒருவன் வீட்டில் பியர் காய்ச்சுகிறான். இன்னொருவன் வீட்டில் சாவு. எந்தத் தொழிற்சாலை மேஸ்திரியின் நோட்டிலும் இதுதான் இருக்கும், பியர் தவிர.

அங்கே ஒரு தொழிலாளிக்கு மாதக்கூலி ஐந்தரை மூட்டை தானியம். ரொட்டிக்கு எம்மர் கோதுமை நாலு, பியருக்குப் பார்லி ஒன்றரை. மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆண்டில் அது வருவது தாமதமானது. ஆட்கள் கருவியைப் போட்டுவிட்டு வெளியே வந்து ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்துகொண்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று அவர்கள் சொன்னது எழுத்தர் கையால் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் பதிவாகி இன்று இத்தாலியின் தூரினில் இருக்கிறது. எழுத்தில் நமக்குக் கிடைத்த முதல் வேலைநிறுத்தம் இது.

இன்னொன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதே ஊரில் நௌனக்தே என்று ஒரு பாட்டி. எட்டுப் பிள்ளைகள். ஐந்தாம் ராம்சேஸின் மூன்றாம் ஆண்டில், சாட்சிகள் முன்னிலையில் உயில் எழுதுகிறாள். எட்டுப் பேரையும் வளர்த்து ஆளாக்கினேன், குடித்தனம் வைத்துக் கொடுத்தேன், இப்போது கிழவியாகிவிட்டேன், என்னைக் கவனிக்கிறவர்களுக்குத்தான் என் பங்கு, மற்றவர்களுக்கு என் சொத்தில் ஒன்றும் கிடையாது என்பது அதன் சாரம். ஒரு மகனுக்கு மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு வெண்கலக் கழுவுபாத்திரம். அந்த மகனின் பெயர் கென்ஹெர்கெப்ஷெஃப். அது அவளுடைய முதல் கணவரின் பெயர். அவர் ஊரின் எழுத்தர், நிறையச் சுவடி வைத்திருந்தவர். இரண்டாம் புருஷனுக்குப் பிறந்த பிள்ளைக்கு முதல் புருஷனின் பெயரை வைத்து, கடைசியில் பாத்திரத்தையும் அவனுக்கே கொடுத்துவிட்டுப் போகிறாள். இதில் ஒரு நாவலே இருக்கிறது இல்லையா?

இதனால்தான் நாவலில் அரசன் என்ன பேசுகிறான் என்பதைவிட, வீட்டில் என்ன சமைக்கிறார்கள், யார் யாரோடு சண்டை, தானியத்தை யார் அளக்கிறார்கள் என்பதை வைத்து ஆசிரியரை எடைபோடச் சொல்கிறேன். அங்கே அவர் ஏமாற்றினால் மாட்டிக்கொள்வார், ஆவணம் கையில் இருக்கிறது.

இனி எதில் ஆரம்பிப்பது என்பது. தயங்காமல் சொல்வேன், அகதா கிறிஸ்டி. 1944-இல் வந்த 'டெத் கம்ஸ் ஆஸ் தி எண்ட்'. துப்பறியும் கதைதான், ஆனால் கி.மு. 2000 வாக்கில் தீப்ஸ் (இன்றைய லக்சர்) நகரின் மேற்குக் கரையில் நடக்கிறது. ராஜா கிடையாது, போர் கிடையாது. நிலபுலன் உள்ள ஒரு ஈமச்சடங்குப் பூசாரி, அவருடைய கல்யாணமான பிள்ளைகள், மருமகள்கள், கிழட்டுத் தாயார், விதவையாகத் திரும்பி வந்த மகள். வடக்கே போன பூசாரி ஓர் இளம் காமக்கிழத்தியோடு திரும்பி வருகிறார். அவ்வளவுதான், வீடு பற்றிக்கொள்கிறது.

இதன் கரு அவருடைய கற்பனையிலிருந்து மட்டும் வந்ததில்லை. 1921-22-இல் தொல்லியலாளர் ஹெர்பர்ட் வின்லாக்கின் குழு தெய்ர் எல்-பஹ்ரி அருகே ஒரு கல்லறையைத் தோண்டியபோது ஹெகநக்த் என்பவரின் கடிதங்களும் கணக்குகளும் கிடைத்தன. அவரும் ஈமச்சடங்குப் பூசாரி, விவசாயி. ஊரை விட்டு வெளியே இருந்துகொண்டு வீட்டுக்கு உத்தரவு போடுகிறார். அந்தக் கடிதங்களைப் படித்தால் சிரிப்பும் வரும், எங்கேயோ கேட்ட குரல் மாதிரியும் இருக்கும். "பழைய, காய்ந்துபோன பார்லியை எனக்கு அனுப்பிவிட்டு நீங்கள் புதுப் பார்லியைத் தின்றுகொண்டிருக்கிறீர்களா?" என்று வெடிக்கிறார். வீட்டில் ஒவ்வொருவருக்கும் மாதம் எவ்வளவு தானியம் என்று பட்டியல் போடுகிறார், தன் தாயார் உட்பட. குறைத்துவிட்டேன் என்று கோபப்படாதீர்கள், முழுசாகச் சாவதைவிட அரை உயிரோடு இருப்பது மேல், இங்கே மனிதனை மனிதன் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள் என்று மிரட்டுகிறார். அந்தக் கடைசி வரி கிழவரின் மிகைப்படுத்தல் என்றே படுகிறது. அப்புறம் ஸ்னெஃப்ரு என்று ஒரு செல்லப்பிள்ளை, அவன் கேட்டதை எல்லாம் கொடுக்க வேண்டும். தன் புதுத் துணைவியிடம் கெட்டபடி நடந்த வேலைக்காரியை உடனே வீட்டை விட்டு வெளியேற்றச் சொல்கிறார். அந்தத் துணைவியை வீட்டார் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது. கடிதம் அங்கே நின்றுவிடுகிறது. அதன் பிறகு என்ன நடந்திருக்கும் என்பதைத்தான் கிறிஸ்டி எழுதினார், கொலையும் சேர்த்து.

எகிப்தியல் அறிஞர் ஸ்டீபன் கிளான்வில் தூண்டித்தான் அவர் இதை எழுதினார். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்களா, ஆணும் பெண்ணும் சேர்ந்து சாப்பிட்டார்களா, துணிகளை எதில் வைத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு கிளான்வில்லைத் துளைத்திருக்கிறார். அத்தியாயத் தலைப்புகளைக் கவனியுங்கள்: வெள்ளக் காலத்தின் இரண்டாம் மாதம், இத்தனையாம் நாள் என்று எகிப்திய நாட்காட்டிப்படியே இருக்கும். வெள்ளம், விதைப்பு, அறுவடை என மூன்று பருவம், பருவத்துக்கு நான்கு மாதம், மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக் கடைசியில் 5 நாள் ஒட்டு. துப்பறியும் கதையாக இது அவருடைய உச்சம் இல்லை. பிணங்கள் விழும் வேகத்துக்கு ஒரு கட்டத்தில் சந்தேகப்பட ஆளே மிஞ்சவில்லை. ஆனாலும் முதல் புத்தகமாக இதற்கு ஈடு இல்லை.

அடுத்து நஜீப் மஹ்ஃபூஸ். 1988-இல் நோபல் பெற்ற அரபு எழுத்தாளர். கெய்ரோ தெருக்களை எழுதிப் புகழ் பெறும் முன் பார்வோன் காலத்தைப் பற்றித்தான் எழுதினார். 1939, 1943, 1944 என மூன்று நாவல்கள். மூன்றாவதான 'தீப்ஸின் போராட்டம்' ஹிக்சோஸ் என்ற அந்நிய அரசரை விரட்டிய கதை. வடக்கே இருக்கும் ஹிக்சோஸ் அரசனின் தூதன் தீப்ஸுக்கு வந்து, உங்கள் ஊர் நீர்யானைகள் கத்துவதால் எங்கள் ராஜாவுக்குத் தூக்கம் கெடுகிறது, அவற்றைக் கொல்லுங்கள் என்கிறான். இரண்டு ஊருக்கும் நடுவே நைல் வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல்! இது மஹ்ஃபூஸின் கிண்டல் என்று நினைத்தேன். இல்லை, ஒரு பழைய பாப்பிரஸ் கதையிலேயே இந்தப் புகார் இருக்கிறது. வம்புக்கு இழுக்கிறவன் காரணம் தேடமாட்டான்.

அந்தத் தூதைச் சந்தித்த தீப்ஸ் மன்னர் செக்கெனென்ரே போரில் விழுகிறார். அவருடைய மம்மி 1881-இல் வெளிப்பட்ட அரச மம்மிகளின் பதுக்கலில் கிடைத்தது. மண்டையில் கோடரி வெட்டுகள் அப்படியே இருக்கின்றன. 2021-இல் வெளியான சி.டி. ஸ்கேன் ஆய்வு, பல பேர் சேர்ந்து தாக்கியிருக்கிறார்கள் என்றது. நாவலாக இதில் நல்லவன் மிக நல்லவன், கெட்டவன் மிகக் கெட்டவன். எழுதிய காலத்தில் எகிப்தில் பிரிட்டிஷ் படை இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த உணர்ச்சி வேகம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

அதே மஹ்ஃபூஸ் 40 வருடம் கழித்து, 1985-இல், அக்நாத்தெனைப் பற்றி எழுதியது முற்றிலும் வேறு. அக்நாத்தென் தெரியும்தானே, பழைய தெய்வங்களை ஒதுக்கிவிட்டு ஆத்தென் என்ற சூரியத் தட்டை மட்டும் கும்பிடச் சொன்ன மன்னர். கி.மு. 1353 வாக்கில் பட்டத்துக்கு வந்து 17 ஆண்டுகள் ஆண்டார். அவர் இறந்த பிறகு ஓர் இளைஞன், அவரை அறிந்தவர்களை ஒவ்வொருவராகப் போய்ச் சந்திக்கிறான். ஒருவர் பைத்தியம் என்கிறார், ஒருவர் ஞானி என்கிறார். முடிவு சொல்லாமலே முடிகிறது. சான்றுகள் இருக்கும் நிலைக்கு இதைவிட நேர்மையான வடிவம் இல்லை.

இதே அக்நாத்தென் காலத்தைத்தான் பின்லாந்துக்காரர் மீக்கா வால்தாரியும் எடுத்துக்கொண்டார். 1945-இல் வந்த 'சினூஹே என்ற எகிப்தியன்' பெரிய புத்தகம். பரவலாகக் கிடைக்கும் ஆங்கில வடிவம் சுருக்கப்பட்டது, அதுவே கனம்தான். மண்டையோட்டைத் திறந்து வைத்தியம் பார்க்கும் மருத்துவன் ஒருவன் தன் கதையைச் சொல்கிறான். உலகப்போரின் சோர்வு பக்கத்துக்குப் பக்கம் தெரியும். படிக்க அருமை. எச்சரிக்கை ஒன்றுதான். அக்நாத்தென் அன்பே உருவானவர், உலகம்தான் அவருக்குத் தகுதியாக இல்லை என்ற சாயல் இந்தக் காலத்தை எழுதும் பல நாவல்களில் வரும். அவர் கட்டிய தலைநகர் அமர்னாவில், சாதாரண மக்களின் இடுகாடுகளைத் தோண்டியிருக்கிறார்கள். எலும்புகளில் சத்துக்குறைவின் தடயம், சுமை தூக்கியதன் தேய்மானம், இளம் வயதுச் சாவுகள். சூரியனைப் பாடிய நகரத்தை யார் முதுகு கட்டியது என்பதை எந்த நாவலும் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் குறை.

பொலஸ்வாஃப் புரூஸின் 'பார்வோன்' போலந்து மொழி நாவல், 1895-இல் தொடராகத் தொடங்கியது. பதின்மூன்றாம் ராம்சேஸ் என்று ஒருவரைக் கதாநாயகனாக்குகிறார். அப்படி ஒரு அரசர் கிடையாது, பதினொன்றோடு அந்த வரிசை நின்றுவிட்டது. ஆனால் கஜானா யாரிடம் இருக்கிறது, பூசாரிகள் ராஜாவை எப்படிக் கட்டிப்போடுகிறார்கள், சூரிய கிரகணத்தை முன்கூட்டிக் கணித்துக் கூட்டத்தை எப்படி மிரட்டுகிறார்கள் என்பதெல்லாம் அற்புதமாக வரும். அரசியல் பிடிக்கும் என்றால் எடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

வில்பர் ஸ்மித்தின் 'ரிவர் காட்' (1993) விறுவிறுப்புக்குப் படிக்கலாம். ஒரு கல்லறையில் கிடைத்த சுருள்களின் அடிப்படையில் எழுதினேன் என்று பின்னுரையில் சொல்வார். அந்தச் சுருள்களும் கதையின் ஒரு பகுதிதான். நம்பி ஊரெல்லாம் சொல்லி வைக்காதீர்கள். எனக்கு ஒருமுறை அந்த அசடு வழிந்திருக்கிறது.

பிரமிடு கட்டும் நாவல்களில் சாட்டையடியும் சங்கிலி அடிமைகளும் வந்தால் பழைய சினிமாவின் பாதிப்பு. பெரிய பிரமிடு இருக்கும் கீஸாவில் அந்தத் தொழிலாளர்களின் குடியிருப்பும் ரொட்டிச் சூளைகளும் கல்லறைகளும் கிடைத்துவிட்டன. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃபில், மேரெர் என்ற மேற்பார்வையாளர் கூஃபுவின் பிரமிடுக்காக துரா என்ற கற்சுரங்கத்திலிருந்து படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றிவந்த நாட்குறிப்பே 2013-இல் கிடைத்தது. இன்று ஏற்றினோம், இன்று இறக்கினோம், இங்கே இரவு தங்கினோம் என்று லாரி டிரைவர் டிரிப் ஷீட் போல இருக்கும்.

தமிழ்த் தொடர்பு ஏதும் வருமா என்று நினைப்பீர்கள். பார்வோன்கள் காலத்தில் தேடாதீர்கள். ரோமர் ஆண்ட எகிப்தில் உண்டு. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோயில் வளாகத்தில் இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்திருக்கிறது. இன்னொரு செங்கடல் துறைமுகமான குசேர் அல்-கதீமில் தமிழ்-பிராமியில் எழுதிய பானையோடு கிடைத்திருக்கிறது, 'பானை ஒறி', அதாவது உறி, என்று படிக்கிறார்கள். அந்தத் துறைமுகத்தில் உறியில் பானையைக் கட்டித் தொங்கவிட்ட ஆளை வைத்து யாராவது ஒரு நாவல் எழுதினால் முன்பதிவு செய்து வாங்குவேன்.

கடைசியாக ஒன்று. வால்தாரியைத் தொடும் முன், 'சினூஹே' என்ற பெயரை அவர் எடுத்துக்கொண்ட மூலக் கதையைப் படித்துவிடுங்கள். எகிப்தியர்களே ஏறத்தாழ கி.மு. 1875 வாக்கில் எழுதியது, ஒரு மாலையில் முடிந்துவிடும். மன்னர் கொலையான செய்தி காதில் விழுந்ததும் பயந்து வெளிநாட்டுக்கு ஓடிய அதிகாரி சினூஹே, அங்கே பெண்டாட்டி பிள்ளை செல்வாக்கு எல்லாம் கிடைத்தும், கிழவனானதும் பிறந்த மண்ணில் புதைபட வேண்டும் என்று ஏங்குகிறான். வால்தாரியின் சினூஹே நாடு கடத்தப்பட்ட கரையில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறான். பழைய சினூஹேவை ராஜா திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறார். வீடு திரும்பிய மகிழ்ச்சியை அவன் சொல்லும் விதம் இப்படி: முகம் மழித்தார்கள், தலை வாரினார்கள், உடம்பிலிருந்து வருடங்கள் உதிர்ந்தன, மெல்லிய துணி உடுத்தினேன், கட்டிலில் படுத்தேன், மணலை மணலில் வாழ்கிறவர்களுக்கே விட்டுக்கொடுத்தேன்.